வேறு வீட்டில் பிறந்திருந்தால்?

கேள்வி: எனக்கு வயது 24. என் பெற்றோரின் மதத்தைச் சிறு வயது முதல் மனமாரப் பின்பற்றி வருகிறேன். விடுதியில் என் அறைத்தோழி வேற்று மதத்தைச் சேர்ந்தவள். விடியுமுன் எழுந்து அவள் தொழும்போது, எனக்கு மட்டுமே உரியது என்று நான் நினைத்திருந்த உறுதியை அவள் முகத்திலும் காண்கிறேன். அவள் வீட்டில் பிறந்திருந்தால் நானும் அவள் நம்புவதைத்தானே நம்பியிருப்பேன்? அப்படியானால் என் நம்பிக்கை, பிறந்த இடத்தால் வந்து ஒட்டிக்கொண்டதுதானா?

பதில்: ஆம், அந்த வீட்டில் பிறந்திருந்தால் பெரும்பாலும் அவரைப் போலவே தொழுதுகொண்டிருப்பீர்கள். இதை மறுத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும், யூதர் வீட்டுப் பிள்ளைகள் யூதர்களாகவும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் முஸ்லிம்களாகவுமே வளர்வதைக் கவனித்த இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலி, கேட்டுப் பழகியதால் மட்டும் வந்த நம்பிக்கையில் நிறைவு கொள்ள முடியாமல் ஐயமற்ற அறிவைத் தேடினார். 1095இல் பாக்தாதில் தமக்கிருந்த பெரும் ஆசிரியப் பதவியையும் துறந்து வெளியேறினார். ஆனால் மார்க்கத்தை அவர் விடவில்லை. லண்டனில் ஒருவரைக் கிறிஸ்தவராக்கும் காரணங்களே சீனத்தின் பீக்கிங்கில் அவரைப் பௌத்தராகவோ கன்பூசிய நெறியினராகவோ ஆக்கியிருக்கும் என்று 1859இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். அவரோ தந்தையால் சமயமே இல்லாமல் வளர்க்கப்பட்டவர். அவருடைய நிலைப்பாட்டுக்கும் வளர்ப்பே காரணம் என்று திருப்பிச் சொல்ல இடமிருக்கிறது அல்லவா? வளர்ப்பால் வந்தது என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடும் என்றால், சமயங்கள் எல்லாம் வளர்ப்பின் விளைவே என்ற எண்ணமும் அதே கத்திக்குத் தப்பாது.

மணிமேகலைக் காப்பியத்தில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். வஞ்சி நகரில் துறவி வேடத்தில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கும் மணிமேகலை, கடைசியில் கண்கூடாகக் கண்டதைத் தவிர வேறொன்றையும் ஏற்காத பூதவாதியைச் சந்திக்கிறாள். அவளுடைய முற்பிறப்பு அறிவை அவன் மயக்கம் என்று தள்ளியபோது, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய் என்று கேட்கிறாள். நம் பெற்றோர் இவர்தாம் என்பதையே நாம் யாரும் நேரில் கண்டு அறியவில்லை. பிறர் சொல்லியும் ஊகித்துமே அறிந்தோம். அப்படி வந்ததால் அது பொய் ஆகிவிடவில்லை. அதே வேளையில், சொல்லிக் கொடுக்கப்பட்டது என்பதே அது மெய் என்பதற்குச் சான்றும் ஆகாது. எப்படி வந்தது என்பது ஒரு கேள்வி, உண்மையா என்பது இன்னொரு கேள்வி. உங்கள் கடிதத்தில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன.

பண்பாடு மிக வலுவாகத் தொடுவது வடிவத்தை. இந்தியாவில் பௌத்தர்களால் ஆண் வடிவில் வணங்கப்பட்ட, கருணையின் உருவான போதிசத்துவர் அவலோகிதேசுவரர், சீனத்தில் காலப்போக்கில் குவான்யின் என்ற பெண் வடிவம் கொண்டார். பிறர் துயர் கேட்டு இரங்கும் கருணை மாறவில்லை. ஆனால் எல்லா வேறுபாட்டையும் வடிவத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. இயேசு சிலுவையில் இறந்தார் என்பது கிறிஸ்தவத்தின் அடித்தளம். அவரைக் கொல்லவுமில்லை, சிலுவையில் அறையவுமில்லை என்கிறது குர்ஆன். நிலையான ஆன்மா உண்டு என்கிறது சைவம். இல்லை என்கிறது பௌத்தம். இவற்றின் நேர்ப்பொருளில் இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. எல்லாம் ஒன்றுதான் என்று சமாதானம் சொல்வது பெருந்தன்மையாகத் தோன்றினாலும், இரு தரப்பாரும் உயிராக மதிப்பதைக் காது கொடுத்துக் கேட்காமல் விடுவதாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே உங்கள் மதத்தை இப்போதே கைவிடவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். தோழியின் நம்பிக்கையில் எதை ஏற்க உங்களுக்குத் தயக்கமோ, அதற்கு எந்தச் சான்றைக் கேட்பீர்களோ, அதே சான்றை உங்கள் நம்பிக்கையிடமும் கேளுங்கள். அங்கே ஒரு படி, இங்கே அரைப்படி என்று அளக்காதீர்கள். சில நம்பிக்கைகள் நிற்கும். சில, பழக்கம் மட்டுமே என்று தெரியவரும். அதற்கு மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம்.

தொழுகை முடிந்து அவர் எழும் ஒரு காலையில், இதே ஐயம் அவருக்கும் வந்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு எழுதியதை அவரிடம் நீங்கள் இன்னும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன்.