திறமூலம் இலவசமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நடுத்தர அளவுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். இரண்டாண்டுகளுக்கு முன் உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காக எங்கள் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றைத் திறமூலத்துக்கு (எழுதிய நிரல் வரிகளை யாரும் படிக்கவும் மாற்றவும் திறந்துவைத்த மென்பொருளுக்கு) மாற்றினோம். உரிமச் செலவு நின்றது உண்மை. ஆனால் ஊழியர்களுக்குப் பயிற்சி, பழைய கோப்புகளை மாற்றும் வேலை, பழுது வந்தால் பார்க்க வெளியாள் என்று ஒவ்வொன்றாக வந்ததைக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் அதிகமில்லை. இலவசம் என்பதே பெரிய நிறுவனங்கள் விரித்த வலை என்கிறார் ஒரு நண்பர். இது தன்னலமற்ற சேவை, இதில் பணத்தைப் பற்றிப் பேசுவதே தவறு என்கிறார் இன்னொருவர். திறமூல மென்பொருள் உண்மையிலேயே இலவசமா? இல்லையென்றால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் இரு நண்பர்களோடும் என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. உங்கள் கணக்கேடு சொல்வதுதான் சரி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர், யாரும் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளக்கூடிய இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை 1983இல் அறிவித்தபோது பயன்படுத்திய 'ஃப்ரீ' (free) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'விலையில்லாதது' என்றும் 'தளையில்லாதது' என்றும் இரண்டு பொருள் உண்டு. அந்தக் குழப்பத்தை விளக்கியே அவர் பல ஆண்டுகளைச் செலவிட வேண்டியிருந்தது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. திறமூலம் என்ற பெயருக்கு முன்பே பிறந்த அந்த மென்பொருளை 'கட்டற்ற மென்பொருள்' என்று நாம் சொல்லும்போது அதில் விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிரலை எந்தத் தேவைக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பவையே அதன் உரிமைகள். 1985 வாக்கில் ஸ்டால்மனே ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பி நிரலைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றிருக்கிறார். அவருடைய கொள்கைக்கு அது முரணாக இருக்கவில்லை.

அப்படியென்றால் விலை ஏன் பூச்சியத்தில் வந்து நிற்கிறது? எழுதி முடித்த நிரலை இன்னொரு படி எடுப்பதற்குச் செலவே இல்லை, படி எடுத்துக் கொடுப்பதை யாரும் தடுக்கவும் முடியாது என்கிறபோது, படிக்கு விலை வைப்பது இயலாததாகிவிடுகிறது. விலை இல்லாமல் போவது படிக்கு மட்டும்தான். எழுதுவதற்கான உழைப்பும், எழுதியதைக் காப்பாற்றுவதற்கான உழைப்பும் அப்படியேதான் இருக்கின்றன. இரண்டாவது உழைப்பைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. தொடாமல் வைத்த நிரலில் ஓர் எழுத்தும் மாறாது. ஆனால் அதைச் சுற்றியுள்ள இயங்குதளம் மாறும், வன்பொருள் மாறும், புதிய தாக்குதல் முறைகள் வரும், சில ஆண்டுகளில் அந்த நிரல் பயனற்றதாகவோ ஆபத்தானதாகவோ ஆகிவிடும். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் கண்ட செலவும் இந்த வகைதான். முன்பு உரிமக் கட்டணத்துக்குள் மறைந்திருந்தது இப்போது ஆள் கூலியாக வெளியே தெரிகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு, அது சிறியதல்ல: பழுது பார்க்க வருபவரை உங்களால் மாற்ற முடியும், உரிமம் விற்றவரை மாற்ற முடியாது. நீங்கள் மாறியதன் ஆதாயத்தை மிச்சமான பணத்தைக் கொண்டு மட்டும் அளக்காதீர்கள்.

இந்தப் பராமரிப்பையே வணிகமாக்கியது ரெட் ஹேட். திறமூல மென்பொருளுக்கான ஆதரவைச் சந்தாவாக விற்று வளர்ந்த அந்த நிறுவனத்தை 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தின் கருவுக்கு எழுதுபவர்களில் பெரும்பாலானோர் இன்டெல், கூகுள் போன்ற நிறுவனங்களின் சம்பளக்காரர்கள். சில்லு விற்பவருக்கு இயங்குதளம் மலிவாக இருப்பது லாபம் என்பதால் அவர் அதற்குச் செலவிடுகிறார். இதை வலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் நடக்கும் பாதையைத் தன் வண்டி ஓடவேண்டும் என்பதற்காக ஒருவர் செப்பனிட்டுத் தருகிறார், அவ்வளவே.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. பெரிய திட்டங்களுக்குப் புரவலர்கள் உண்டு. அவற்றுக்கு அடியில், யார் கண்ணிலும் படாமல் கிடக்கும், பிற நிரல்கள் எடுத்தாளும் சிறிய நிரலகங்களுக்கு யாரும் இல்லை. இணையத்தில் பரிமாறப்படும் தரவைக் குறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு வழு (பிழை) வெளிப்பட்டபோது, அதற்கு முழுநேரமாக வேலை செய்தவர் ஒருவர்தான் என்பதும், ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான் என்பதும் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அடுத்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவந்தவர் ஒரே ஒருவர். 2022இல் வேலை மெதுவாக நடக்கிறது என்று சிலர் அவரைத் தொடர்ந்து நெருக்கினார்கள். தன்னால் முன்போல் கவனிக்க இயலவில்லை என்றும், இது ஊதியமின்றிச் செய்யும் வேலை என்பதை நினைவில் கொள்ளுமாறும் அவர் பதில் எழுதினார். அந்த நேரத்தில் பொறுமையாகவும் பணிவாகவும் உதவிவந்த ஒருவரிடம் மெல்ல மெல்லப் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. அந்த உதவியாளர்தான் 2024 தொடக்கத்தில் வெளியான பதிப்பில், பிறர் அறியாமல் கணினிக்குள் நுழைய வழிவிடும் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்துவைத்தார். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற நிரலாளர். வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்த அவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, அது ஏன் என்று விடாமல் தேடினார். பெரும்பாலான சேவையகங்களுக்குப் போய்ச் சேரும் முன் அந்தப் பதிப்பு திரும்பப் பெறப்பட்டது. களைத்துப்போன ஒரு மனிதருக்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே ஊதியமும் ஒரு துணையும் கிடைத்திருந்தால் அந்தப் பொறுப்பு முகம் தெரியாத ஒருவரின் கைக்குப் போயிருக்குமா என்ற கேள்வியை என்னால் விட முடியவில்லை.

அவரை நெருக்கியவர்களைப் போல நானும் எழுதியிருக்கிறேன் என்பதால்தான் விட முடியவில்லை. ஒரு சிறிய நிரலகத்தில் வழு ஒன்றைக் கண்டு, மூன்று வாரமாகியும் ஏன் திருத்தவில்லை என்று கடுமையாகக் கேட்டேன். மறுநாள் திருத்தம் வந்தது. கூடவே ஒரு வரி: 'பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கிறது.' அவருக்கு நான் ஒரு காசும் கொடுத்ததில்லை.

2024இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. பரவலாகப் பயன்படும் திறமூல நிரல்களை ஒருமுறை புதிதாக எழுத 415 கோடி டாலர் ஆகும். பயன்படுத்தும் ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுதிக்கொள்ள வேண்டுமென்றால் 8.8 லட்சம் கோடி டாலர் ஆகும் என்பது அதன் மதிப்பீடு. இவ்வளவு பயன் எழுதியவர்களின் கைக்கு வராததால்தான் சில நிறுவனங்கள் உரிமத்தை இறுக்கின. தேடல் மென்பொருள் எழுதும் எலாஸ்டிக் 2021இலும் தரவுத்தள மென்பொருள் எழுதும் ரெடிஸ் 2024இலும் அப்படிச் செய்தன. தங்கள் நிரலை மேகக்கணி (கிளவுட்) நிறுவனங்கள் வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கின்றன என்பது அவர்களுடைய மனக்குறை. குறையில் நியாயம் உண்டு. ஆனால் கட்டற்றது என்று நம்பிப் பங்களித்தவர்களுக்கு அது வாக்குத் தவறுதல். பழைய உரிமத்தில் இருந்த நிரலிலிருந்து ஓப்பன்சர்ச், வால்கீ என்று புதிய கிளைகள் உடனே பிரிந்தன. பின்னர் இரு நிறுவனங்களும் திறமூல உரிமம் ஒன்றை மீண்டும் சேர்த்துக்கொண்டன.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பதால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனம் எந்தெந்தத் திறமூல நிரல்களை நம்பியிருக்கிறது என்று தொழில்நுட்பப் பிரிவிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள். அவற்றில் ஓரிருவர் மட்டுமே கவனித்துவருபவை எவை என்று கேளுங்கள். மிச்சமான உரிமக் கட்டணத்தில் ஒரு சிறு பகுதியை ஆண்டுதோறும் அவர்களுக்கு அனுப்ப முடியுமா என்று மேலிடத்தில் பேசிப் பாருங்கள். ஒப்புக்கொண்டால், அந்தத் தொகையை நன்கொடை என்ற தலைப்பில் எழுத வேண்டாம். வருமானம் குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது அந்தத் தலைப்புதான் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மின்கட்டணமும் கட்டடப் பழுதும் இருக்கும் பக்கத்தில், பராமரிப்பு என்று எழுதுங்கள்.

அன்புடன்.