அஸ்வானுக்கு வரும் தம்பிக்கு: முதலில் காகிதம்

தம்பி, பென்பான் சூரிய மின் பூங்காவில் வேலை கிடைத்திருக்கிறது, அஸ்வானில் சாப்பாடு எப்படி, வாடகை எவ்வளவு, அரபி தெரியாமல் சமாளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "இந்த ஊர் பாரசீகப் பேரரசின் எல்லை என்று படித்தேன், பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" அந்த ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மற்றதை முடித்துவிடுகிறேன். அரிசி கிடைக்கும், குட்டையாக, கொஞ்சம் ஒட்டும். புளி வேண்டுமென்றால் 'தமர் ஹிந்தி' என்று கேளுங்கள். கறிவேப்பிலை காயவைத்து எடுத்து வாருங்கள். வாடகையை உடன் வேலை பார்ப்பவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். அரபி பேசப் பேச வரும். என் அரபியைக் கேட்டதுமே கெய்ரோக்காரர்கள் 'ஸயீதி', அதாவது தென் எகிப்துக்காரன், என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

சரி, காகிதம். நான் 2018 ஜூலையில் வந்தேன். ஆள் எடுத்த முகவர் இகாமா, அதாவது தங்கும் அனுமதி, போட வேண்டும் என்று பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனார். நகல்கூட எடுத்து வைக்கவில்லை. கேட்கும்போதெல்லாம் 'புக்ரா', நாளைக்கு. அப்புறம் அவர் விடுப்பில் போய்விட்டார். ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டார்கள். நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் நான்கு மணி நேரம், நான் யார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல். அன்றிலிருந்து என் பையில் எல்லாவற்றுக்கும் இரண்டு நகல் இருக்கும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் கொடுத்ததற்கு கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் இல்லாததை யார் வாயால் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இதே ஊரில் 2,400 ஆண்டுகளுக்கு முன்னால், நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள் தங்கள் காகிதங்களை எப்படி வைத்திருந்தார்கள் என்பதை நான் பிறகுதான் படித்தேன். அஸ்வானுக்கு எதிரே ஆற்றுக்கு நடுவில் எலிஃபண்டைன் தீவு. கி.மு. 525இல் பாரசீக அரசர் கம்பீசஸ் எகிப்தைப் பிடித்த பிறகு எகிப்து பாரசீகத்தின் ஒரு மாகாணம். பாரசீக மொழியில் 'முத்ராயா'. மாகாணத்தை ஆண்ட அதிகாரிக்குச் சத்ரபர் என்று பட்டம். நம் வரலாற்றுப் பாடத்தில் குஜராத் பக்கம் வரும் சத்ரபர்களும் இதே பட்டம்தான். கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸ் கணக்குப்படி எகிப்தும் அதோடு சேர்ந்த லிபியப் பகுதிகளும் ஆண்டுக்கு 700 தாலந்து வெள்ளி கட்டின. மெம்ஃபிஸ் கோட்டையில் இருந்த படைக்குத் தானியம் தனி.

சத்ரபர் மெம்ஃபிஸில், ஆற்றோடு போனால் இங்கிருந்து எண்ணூறு தொள்ளாயிரம் கிலோமீட்டர். இங்கே தெற்குப் பகுதிக்கு 'ஃப்ரதரகா' என்று ஒரு ஆளுநர், அவருக்குக் கீழே படைத் தலைவர், அதற்குக் கீழே அணிகள். தீவில் யூதப் படையினர் குடும்பம் குடும்பமாக இருந்தார்கள். எதிர்க்கரையில், அன்று சயீன் என்று பெயர் கொண்ட அஸ்வானில், சிரியா பக்கத்து அரமேயர்கள். காஸ்பியன் கடல் பக்கத்தவர்கள், பாபிலோனியர்கள், ஆரல் கடலுக்குத் தெற்கே உள்ள குவாரஸ்மிலிருந்து வந்தவர்கள்கூட உண்டு. மாதப்படி தானியமும் வெள்ளியும் அரசுக் கருவூலத்திலிருந்து. அலுவலக மொழி அரமேயம், பாரசீகருக்கும் அது தாய்மொழி இல்லை. அதில் மாகாணத்துக்கு 'மதீனா' என்று பெயர். இப்போது நாம் ஊர் நடுவுக்குப் போக டாக்சிக்காரரிடம் சொல்லும் அதே சொல்.

வேலை எப்படி நடந்தது என்பதற்கு கி.மு. 411இன் ஒரு கடிதம் போதும். அரசுப் படகு ஒன்று பழுது. படகுப் பொறுப்பாளர் மித்ரதாதா மனுப் போடுகிறார். சத்ரபர் ஆர்ஷாமா கருவூலக் கணக்கர்களைப் பார்க்கச் சொல்கிறார். அவர்கள் தச்சர் தலைவரோடு கரைக்குப் போய்ப் பார்த்து, எத்தனை முழம் மரம், எத்தனை ஆணி என்று மதிப்பீடு எழுதுகிறார்கள். அது மேலே போய், திரும்ப உத்தரவாக இறங்குகிறது. படித்தபோது எங்கள் தளத்தில் ஓர் இன்வெர்ட்டர் மின்விசிறிக்கு நான் வாங்கிய கையெழுத்துகள்தான் ஞாபகம் வந்தன. ஆனால் அந்தக் காகிதம் இருப்பதால்தான் மித்ரதாதா யார் என்று இன்றைக்கும் தெரிகிறது.

இதே ஆர்ஷாமா தன் நிலங்களைப் பார்க்கும் ஆளைப் பாபிலோன் பக்கத்திலிருந்து எகிப்துக்கு அனுப்பும்போது கொடுத்த பயணப்படிச் சீட்டும் தோலில் எழுதப்பட்டு மிஞ்சியிருக்கிறது. வழியில் ஒவ்வோர் ஊர் அதிகாரியும் நாளுக்கு இவ்வளவு மாவு, பானம், ஓர் ஆடு கொடுக்க வேண்டும். ஓர் இடத்தில் ஒரு நாளுக்கு மேல் தங்கினால் கூடுதல் படி கிடையாது! உங்கள் ஒப்பந்தத்திலும் படி பற்றிய வரியை அப்படி நுணுக்கமாகப் படியுங்கள்.

மேலே இருப்பவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் நடந்தது. தீவில் யூதர்களுக்கு யாஹு கோயில், பக்கத்திலேயே எகிப்தியரின் ஆட்டுத்தலைக் கடவுள் குனுமின் கோயில். கி.மு. 410இல் ஆர்ஷாமா அரசரைப் பார்க்கப் போயிருந்த சமயம். குனும் பூசாரிகள் ஃப்ரதரகா விதரங்காவுக்குப் பணம் கொடுத்தார்கள். அவர் சொல்லி, படைத் தலைவரான அவர் மகன் நஃபைனா ஆட்களோடு வந்து கோயிலை இடித்தான். இது யூதர்கள் தரப்பு. அவர்கள் எழுதிய மனுக்கு மூன்று ஆண்டு பதில் இல்லை. 407இல் யூதேயாவின் ஆளுநருக்கு மறுபடி எழுதினார்கள். அந்த மனுவின் இரண்டு பிரதிகள் தீவிலேயே கிடைத்தன. கடைசியில் வந்த பதில் வாய்மொழிதான், அதையும் ஒருவர் குறிப்பாக எழுதி வைத்துக்கொண்டார்: கோயிலைக் கட்டலாம், தானியப் படையலும் தூபமும் செய்யலாம். மிருகபலி பற்றிப் பேச்சே இல்லை.

நம் ஆட்கள் இதையெல்லாம் பார்க்கப் போவதில்லை. வளைகுடாவிலிருந்து வருபவர்கள் எட்டு ஆண்டு இருந்தாலும் துபாய் அளவுகோலை விடமாட்டார்கள், முகாமை விட்டு வெளியே வரமாட்டார்கள். இன்னொரு வகை, பிரமிடையே தமிழன்தான் கட்டினான் என்று உள்ளூர்க்காரரிடம் வாதாடுவார்கள். எனக்கு அது வருத்தம். செங்கடல் கரையில் குசைர் அல்-கதீமில் 'பானை ஒறி' (உறி) என்று பழந்தமிழ் எழுத்தில் எழுதிய ஓடு கிடைத்ததே, ரோமர் காலத்தது. அது போதாதா நமக்கு?

தீவுக்குப் போகும்போது அனனியாவை நினைத்துக்கொள்ளுங்கள். யாஹு கோயில் பணியாள். தமெத் என்ற எகிப்திய அடிமைப் பெண்ணை கி.மு. 449இல் மணந்தார். 437இல் பகசுஷ்தா என்ற காஸ்பியக்காரரிடமும் அவர் மனைவியிடமும் 14 ஷெகல் வெள்ளிக்கு வீடு வாங்கினார். பத்திரத்தில் நான்கெல்லை இருக்கிறது, தம்பி, நம் ஊர்ப் பத்திரம் போலவே: கிழக்கே அரசரின் கருவூலம், மேற்கே தெருவுக்கு அப்பால் யாஹு கோயில், ஒரு பக்கம் ஷதிபாரா வீடு, மறுபக்கம் குனுமின் இடம். பல பத்திரங்களில் தேதிகூட இரண்டு, பாபிலோனிய மாதமும் எகிப்திய மாதமும், நம் கல்யாணப் பத்திரிகை மாதிரி. எழுதி, மடித்து, கட்டி, களிமண் முத்திரை வைத்து, வெளியே என்ன பத்திரம் என்று குறித்தார்கள். 404இல் வடக்கே அமிர்தேயோஸ் என்ற எகிப்தியர் கலகம் செய்து ஆட்சியைப் பிடித்த பிறகும் இங்கே பாரசீக அரசர் பெயரிலேயே கொஞ்ச காலம் தேதி போட்டுக்கொண்டிருந்தார்கள். அனனியா குடும்பத்தின் பத்திரக் கட்டு இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தீவில் மிச்சம் இருப்பது குனும் கோயிலை ஒட்டிய மண் செங்கல் சுவர்கள்தான். என்னை முதலில் கூட்டிப்போனவர் ஒரு நூபியப் படகுக்காரர். அந்த நான்கெல்லையை கைப்பேசியில் வைத்து என் ஸயீதி அரபியில் படித்துச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் திரும்பித் திரும்பி நின்று கையைக் காட்டினார். அப்புறம் சுவர் மேல் உட்கார்ந்து, அணைத் தண்ணீர் வருவதற்கு முன்னால், 1960களில் கோம் ஓம்போவுக்கு ஏற்றிவிடப்பட்ட தன் பாட்டி வீட்டின் எல்லைகளைச் சொன்னார்: ஒரு பக்கம் மாமா வீடு, ஒரு பக்கம் இரண்டு பேரீச்சை, முன்னால் ஆறு. அந்த வீட்டுக்காகிதம் இன்னும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன மாதம் எனக்கு எடுத்துக் காட்டினார்.