பணம் யார் பெயருக்குப் போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் பழைய வண்டி, போன், படகு எஞ்சின் வாங்கப் போய்ப் பணத்தை இழந்தவர்களும், இழக்க இருந்தவர்களும் குமரி மாவட்டத்தின் பல ஊர்களில் இருந்து எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

கல்லூரிக்குப் போகும் மகனுக்காக ஆன்லைனில் ஒரு ஸ்கூட்டர் பார்த்தோம். விலை 28,000 ரூபாய்தான். விற்பவர் ராணுவத்தில் இருப்பதாகவும், திருவனந்தபுரத்தில் இருந்து காஷ்மீருக்கு மாற்றல் ஆனதால் அவசரமாக விற்பதாகவும் சொன்னார். ஆதார், கேன்டீன் கார்டு, சீருடையில் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ராணுவ லாரியில் வண்டி வரும் என்று முதலில் 2,150 ரூபாய் கேட்டார். அப்புறம் கேட் பாஸ், அப்புறம் ஜிஎஸ்டி. இதுவரை 15,500 கட்டிவிட்டோம். வண்டி களியக்காவிளை செக்போஸ்ட்டில் நிற்கிறதாம், இன்னும் 6,000 போட்டால் வந்துவிடும், கூடுதலாகக் கட்டியது திரும்பக் கிடைக்கும் என்கிறார். கட்டலாமா? – ஒரு தாய், குழித்துறை

கட்டாதீர்கள் அம்மா. இந்தப் பதிலைப் படித்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், விவரம் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. களியக்காவிளையில் உங்கள் வண்டி எதுவும் நிற்கவில்லை. ஒரு சிப்பாய் தன் சொந்த ஸ்கூட்டரை யாருக்கோ விற்றால், அதை வீட்டு வாசலில் கொண்டு இறக்க ராணுவம் லாரி அனுப்பாது. அப்படி ஒரு கூரியர் சேவையே பொதுமக்களுக்குக் கிடையாது.

நம் மாவட்டத்தில் ராணுவத்திலோ சிஆர்பிஎஃப்பிலோ ஒரு ஆள் இல்லாத தெரு குறைவு. பட்டாளத்துக்காரர் சொன்னால் பொய் இருக்காது என்று நாம் நம்புகிறோம், அந்த நம்பிக்கை சரியானதும்கூட. அதைத்தான் இவன் எடுத்துக்கொள்கிறான். அவன் அனுப்பிய ஆதாரும் கேன்டீன் கார்டும் போலியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, பல நேரம் அவை உண்மையான ஒரு ஜவானுடையவையாகவே இருக்கும். அவரும் முன்பு எங்கோ ஒரு பொருளை விற்கவோ வாங்கவோ போய் இதேபோல ஒருவனிடம் தன் அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பியிருப்பார். நீங்களும் உங்கள் ஆதாரை அனுப்பியிருந்தால், அடுத்த விளம்பரத்தில் உங்கள் அட்டையை வைத்து வேறு ஒருவரை ஏமாற்ற வாய்ப்பு உண்டு. புகார் கொடுக்கும்போது இதையும் எழுதச் சொல்லுங்கள்.

முதல் தொகையை ஏன் 2,150 என்று சின்னதாக வைத்தான் தெரியுமா? அந்தத் தொகைக்கு யாரும் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை, அனுப்பிவிடுவோம். அனுப்பிய பிறகு அந்த 2,150ஐக் காப்பாற்றத்தான் அடுத்த 5,000, அந்த ஏழாயிரத்தைக் காப்பாற்றத்தான் அடுத்தது. ‘திரும்பக் கிடைக்கும்’ என்ற சொல் ஒவ்வொரு தடவையும் வரும். நிஜமான அரசுக் கட்டணம் எதுவும் யாரோ ஒருவருடைய தனிப்பட்ட யுபிஐ கணக்குக்குப் போகாது. நீங்கள் கட்டிய ரசீதுகளை இப்போது எடுத்துப் பாருங்கள், பணம் பெற்றவர் பெயர் அந்த ஆதாரில் உள்ள பெயராக இருக்கிறதா? இருக்காது என்றே நினைக்கிறேன். யுபிஐயில் பின் நம்பர் போடுவதற்கு முன்னால் திரையில் ஒரு பெயர் வரும், அதை நாம் யாரும் நின்று படிப்பதில்லை. நான் இந்தப் பக்கத்தில் சொல்லப் போவதெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

இன்னொன்று. நீங்கள் சண்டை போட்டால் ‘சரி அம்மா, முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்’ என்பான். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் உங்களிடம் இருந்துதான் போகும். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை. தனிநபர்களுக்குள் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ வசதி 2025 அக்டோபரில் நிறுத்தப்பட்டது, ஆனால் இந்த க்யூஆர் வேலை ஓயவில்லை.

நான் ஏமாறக்கூடாது என்றுதான் நேரில் போனேன். நாகர்கோவிலில் ஒரு வீட்டில் கார் நின்றது, ஓட்டிப் பார்த்தேன், ஆர்சி புத்தகம் அசல், எல்லாம் சரி. விளம்பரம் போட்டவர் போனில் சொன்ன கணக்குக்கு 3,30,000 ரூபாய் அனுப்பினேன். வீட்டுக்காரரோ தனக்கு ஒரு பைசா வரவில்லை, சாவி தர மாட்டேன் என்கிறார். அவரும் கூட்டுக் களவாணிதானே? – ஒரு வாசகர், திங்கள்சந்தை

அவசரப்பட்டு அவர் மேல் கை நீட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அவரும் உங்களைப் போலவே மாட்டிக்கொண்டவர்தான். நேரில் போய்ப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கென்றே செய்யும் மோசடி இது, எனக்கு மிகவும் கோபம் வருவதும் இதில்தான்.

நடப்பது இப்படி. கார் உரிமையாளர் 4,20,000 என்று உண்மையாக ஒரு விளம்பரம் போடுகிறார். மூன்றாவது ஆள் ஒருவன் அவருக்குப் போன் செய்து, பேரம் பேசாமல் ஒத்துக்கொள்கிறான். ‘என் கடையில் வேலை பார்க்கிற பையன் வண்டி பார்க்க வருவான், அவனுக்கு நான் சம்பளப் பாக்கி தர வேண்டும், அதற்குப் பதிலாகத்தான் கார் வாங்கிக் கொடுக்கிறேன், அதனால் அவனிடம் விலை மட்டும் பேசிவிடாதீர்கள்’ என்கிறான். பிறகு அதே படங்களை எடுத்து 3,30,000 என்று தன் நம்பரில் இன்னொரு விளம்பரம் போடுகிறான். நீங்கள் அழைத்ததும், ‘கார் என் மச்சான் வீட்டில் நிற்கிறது, போய்ப் பாருங்கள், ஆனால் குடும்பத்துக்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது, அவரிடம் விலை பேச்சு எடுக்காதீர்கள்’ என்கிறான். இரண்டு பேரும் மரியாதைக்கார மனிதர்கள், அடுத்த வீட்டு விஷயத்தில் நமக்கென்ன என்று வாயைத் திறக்காமல் நிற்கிறீர்கள். நடுவில் பணம் எங்கோ உள்ள ஒரு கணக்குக்குப் போய்விடுகிறது. உரிமையாளர் சந்தேகப்படாமல் இருக்க, பணம் அனுப்பிவிட்டதாக அவருக்கு ஒரு போலி ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பியிருப்பான். கேட்டுப் பாருங்கள்.

சாவி கையில் இருப்பவரிடம், அவர் முகத்துக்கு நேரே, இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே உடைந்திருக்கும்: வண்டி என்ன விலை, பணம் யார் கணக்குக்குப் போட வேண்டும். ஆர்சியில் இருக்கும் பெயரும் யுபிஐ திரையில் வரும் பெயரும் ஒன்றாக இல்லை என்றால், எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் பணம் போடக்கூடாது. மகன் கணக்கு, மச்சான் கணக்கு, ஆடிட்டர் கணக்கு எதுவும் வேண்டாம்.

இப்போது செய்ய வேண்டியது, நீங்களும் அந்த உரிமையாளரும் சேர்ந்து போய்ப் புகார் கொடுப்பது. அவரிடம் அந்த ஆளின் போன் நம்பரும் உரையாடலும் இருக்கும், உங்களிடம் வங்கிக் கணக்கு விவரம் இருக்கும், இரண்டும் சேர்ந்தால்தான் போலீஸுக்கு முழுப் படம் கிடைக்கும். உங்கள் பணம் அவர் கைக்கு வராத நிலையில் காரைக் கொடு என்று அவரை வற்புறுத்துவது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். உங்களுக்கு இது கசப்பாக இருக்கும், தெரிந்தேதான் சொல்கிறேன்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. வண்டி பார்க்கப் போகும் முன்பே எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் முழுதாகக் காட்டாது, ஆனால் முதல் எழுத்துகளாவது ஒத்துப்போகிறதா என்று தெரியும், வண்டி மேல் கடன் நிலுவை இருந்தால் அதுவும் தெரியும். கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35ம் இல்லாமல் பணம் பேசாதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் உரிமையாளர் உங்கள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். டிஎன் 74, டிஎன் 75 வண்டிகள்தான் என்றில்லை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து கேரள வண்டிகளும் இங்கே நிறைய கைமாறுகின்றன. அவற்றுக்கு அங்குள்ள ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

விழிஞ்ஞத்தில் ஒருவர் அவுட்போர்டு எஞ்சின் விற்பதாக விளம்பரம். விலை நன்றாக இருக்கிறது. வேறு இரண்டு பேர் கேட்கிறார்கள், 5,000 டோக்கன் போட்டால் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன் என்கிறார். – ஒரு மீனவர், குளச்சல்

போடாதீர்கள். மற்ற இரண்டு பேர் வாங்கிக்கொண்டு போகட்டும், எஞ்சின் இன்னொன்று வரும். குளச்சலில் இருந்து விழிஞ்ஞம் போய்வர ஒரு பகல் போதும், அங்கே உறவோ பழக்கமோ இல்லாத குடும்பம் உங்கள் ஊரில் இருக்குமா என்ன? அவர்களில் ஒருவரை முதலில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ‘எந்தக் கடற்கரையில், யார் வீட்டுப் பக்கம்’ என்று கேட்ட உடனே பேச்சை மாற்றினால் உங்களுக்கே புரிந்துவிடும். எஞ்சின் ஓடிப் பார்த்து, அதில் பொறித்திருக்கும் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அப்புறம் பணம்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிறேன். திருட்டுப் போனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

போனைக் கையில் வாங்கி நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்துங்கள், அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும். ஆங்கிலத்தில் கே.ஒய்.எம். என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்து பதில் வரும். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி செயலியிலும் இதைப் பார்க்கலாம். தடை செய்யப்பட்டது, போலி எண் என்று பதில் வந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். சரியாக வந்தாலும் பில்லைக் கேளுங்கள், பில்லிலும் அதே எண் இருக்க வேண்டும். பழைய உரிமையாளர் தன் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ உங்கள் முன்னால் நீக்கித் தர வேண்டும். நீக்கத் தெரியாது என்பவரிடம் வாங்காதீர்கள், கடவுச்சொல் தெரியாமல் இருப்பதற்கு என்ன காரணம் என்று யோசியுங்கள்.

கூரியரில் அனுப்புகிறேன், பொருள் வந்தபிறகு காசு கொடுங்கள் என்பதும் பத்திரமில்லை தம்பி. பல நேரம் காசு கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள். உள்ளே சோப்புக்கட்டி இருந்தால், கொண்டுவந்த பையனிடம் சண்டை போட்டு ஒன்றும் ஆகாது.

வடசேரி பக்கம் வாடகைக்கு வீடு, படம் அழகாக இருக்கிறது, வீட்டைப் பார்க்கவே ஒரு மாத வாடகை முன்பணமாம். – ஒரு வாசகி, பூதப்பாண்டி

வீட்டைக் காட்டக் காசு கேட்பவர் வீட்டுக்காரர் இல்லை. நேரில் போய்ப் பக்கத்து வீட்டில் விசாரியுங்கள். முன்பணம் கொடுக்கும்போது சொத்துவரி ரசீதிலோ மின் கட்டண அட்டையிலோ உள்ள பெயருக்குத்தான் கொடுக்க வேண்டும்.

நேற்று 22,000 ரூபாய் போய்விட்டது. கணவர் துபாயில் இருக்கிறார், அவரிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. போலீஸுக்குப் போனால் ஊரெல்லாம் தெரிந்துவிடும். போனது போனதுதானே, விட்டுவிடவா? – ஒரு சகோதரி, கருங்கல்

விடக்கூடாது சகோதரி. 1930 தேசிய சைபர் உதவி எண். நீங்கள் வீட்டுக்குள் இருந்தே பேசலாம், தேசிய சைபர் க்ரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். யாரும் உங்கள் வாசலில் ஜீப்பைக் கொண்டு நிறுத்தப் போவதில்லை. பணம் அனுப்பிய நேரம், தொகை, பரிவர்த்தனை எண், எந்தக் கணக்குக்குப் போனது, இவ்வளவுதான் முதலில் வேண்டும். அதை வைத்து, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும், அங்கே இன்னும் பணம் இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். மோசடிக்காரர்கள் ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றிக் கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்கள் என்பதால்தான் முதல் ஓரிரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். நேற்று என்பது தாமதம்தான், ஆனாலும் இன்றைக்கே அழையுங்கள், முழுத் தொகை இல்லாவிட்டாலும் ஒரு பகுதி சிக்கலாம். அப்படிச் சிக்கிய பணம் உடனே கைக்கு வந்துவிடாது, பொறுமை வேண்டும்.

உங்கள் வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ஆனால் நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் என்பதால், வங்கி அதைத் தானே ஈடுகட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. யாரோ உங்களுக்குத் தெரியாமல் எடுத்த பணத்துக்கு வேறு விதி. அவன் சொன்னதைக் கேட்டு எனிடெஸ்க் மாதிரி, நம் போனை எங்கிருந்தோ இன்னொருவர் இயக்க விடும் செயலி எதையாவது போனில் ஏற்றியிருந்தால், அல்லது வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) திறந்திருந்தால், முதலில் இணையத்தை அணைத்துவிட்டு வேறு போனில் இருந்து பேசுங்கள்.

காவல் நிலையத்தில் ‘அவன் வடநாட்டுக்காரன், இது எங்கள் எல்லை இல்லை’ என்று சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு, ஏமாற்றிப் பணம் பறித்ததற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 318(4)இல் ஏழு ஆண்டு வரை. நம் மாவட்டத்துக்கான சைபர் க்ரைம் காவல் நிலையம் நாகர்கோவிலில் இருக்கிறது, அங்கேயும் நேரில் போகலாம், தனியாகப் போகத் தயக்கம் என்றால் அண்ணனையோ தங்கையையோ அழைத்துப் போங்கள்.

கணவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால், ‘உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், சைபர் அதிகாரி பேசுகிறேன், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று இன்னொருவன் அழைக்கும்போது யாரையும் கலந்து பேச முடியாமல் அதற்கும் பணம் அனுப்பத் தோன்றும். போலீஸ் பணம் மீட்கக் கட்டணம் கேட்பதில்லை. 1930இல் தரும் புகார் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், நாகர்கோவில் போகும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.