படகு நிறுவனத்தை விடுங்கள், உங்கள் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். கடந்த ஜூனில் குரோவேஷியாவில் ஒரு வாரப் பாய்மரப் படகுப் பயணம் ஏற்பாடு செய்தேன். ட்ரோகிரில் ஏறி ப்ராச், ஹ்வார், விஸ் தீவுகளைச் சுற்றி வருவது திட்டம். ஊர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்புப் போட்டதும் ஏழு பேர் சேர்ந்தார்கள். படகு, அதை ஓட்டும் ஸ்கிப்பர், சாப்பாடு, ஸ்பிளிட் விமான நிலையத்திலிருந்து வேன், எல்லாம் சேர்த்து ஆளுக்கு 1,150 யூரோ. மூன்றாம் நாள் எஞ்சின் பழுதாகி விஸ் துறைமுகத்தில் இரண்டு நாள் முடங்கினோம். கழிப்பறை அடைத்துக்கொண்டது. காற்றில் பாதிப் பேருக்கு வாந்தி. படகை ஒப்படைத்தபோது அடிப்பாகத்துக் கீலில் கீறல் என்று 2,500 யூரோ டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போது ஐந்து பேர் வக்கீல் வைத்துப் பாதிப் பணம் கேட்கிறார்கள். அலைந்ததற்காக என் பங்கை மட்டும் நான் போடவில்லை, அவ்வளவுதான். போன வருடம் கிரீஸுக்குக் கூட்டிப்போனபோது யாரும் வாய் திறக்கவில்லை. படகு நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா? அடுத்த ஆண்டு சார்டினியாவுக்கும் சிலரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறேன்.

பதில்: உங்கள் முழுக் கடிதத்தையும் படித்தேன். நன்றிகெட்டவர்கள், சாம்பாரைக் குறை சொன்னவர், கப்பலில் பேசாமலே இருந்த தம்பதி, இவர்களெல்லாம் வழக்கில் இல்லை. தென்கிழக்கிலிருந்து வீசும் யூகோ காற்றுக்கும் யாரும் நஷ்டஈடு தரமாட்டார்கள். நீங்கள் "அவ்வளவுதான்" என்று முடித்த வரிதான் வழக்கு.

ஜெர்மன் சிவில் சட்டம் 651ஏ பிரிவும் அதையடுத்த பிரிவுகளும், வெவ்வேறு பயணச் சேவைகளைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பவரைப் பயண ஏற்பாட்டாளர் என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 உத்தரவுப்படி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பது இது. நண்பர்கள் கூடிப் போவதற்கு விலக்கு உண்டு. ஆனால் எப்போதாவது நடப்பதாக இருக்க வேண்டும், லாப நோக்கம் கூடாது, குறிப்பிட்ட வட்டத்துக்குள் மட்டுமே அறிவித்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் விலக்கு. உங்கள் கதையில் கிரீஸ், குரோவேஷியா, சார்டினியா என்று வருடா வருடம் பயணம். யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய குழுவில் அறிவிப்பு. ஓசியில் ஒரு இடம். அது லாபமே இல்லை என்று நீதிபதியிடம் வாதாடலாம். நான் அதை நம்பி இறங்கமாட்டேன்.

ஏற்பாட்டாளர் என்று முடிவானால் எஞ்சின் பழுதுக்குக் கூட வந்தவர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அவர்கள் குறையை உடனே சொல்லவில்லை என்றும் தப்பிக்க முடியாது, நீங்களும் அதே படகில்தான் இருந்தீர்கள். யாருக்கும் கை கால் உடையாதது உங்கள் அதிர்ஷ்டம். பிறருக்கு நேரும் நஷ்டத்தை ஈடுகட்டும் தனிநபர் பொறுப்புக் காப்பீடு, இது தொழில் என்று சொல்லிக் கைவிரித்துவிடும்.

இனி, இந்த இடத்தில் வழக்குக்காக என்னிடம் வருகிறவர்கள் செய்கிற காரியத்தைச் சொல்கிறேன். கோபத்தில் படகு நிறுவனத்துக்கு நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதுவார்கள்: "என் வாடிக்கையாளர்கள் ஏழு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள், அந்த நஷ்டத்தை நீங்கள்தான் ஈடுகட்ட வேண்டும்." "வாடிக்கையாளர்கள்" என்றாலே ஏற்பாட்டாளர் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்; அந்த ஒரு வாக்கியம் எதிர்த்தரப்பு வக்கீல் கையில் கிடைத்தால் அவருக்கு வேறு சாட்சியே வேண்டாம். குரோவேஷியாவுக்குப் போகாமல் உள்ளூரிலேயே வழக்குப் போட நுகர்வோர் என்று சொல்லிக்கொள்வார்கள், அதே வாரம் நண்பர்களின் வக்கீலுக்கு வரவு செலவு அட்டவணை அனுப்பி "வெறும் 300 யூரோதான் மிஞ்சியது" என்பார்கள். இரண்டு கடிதமும் ஒருநாள் ஒரே மேசைக்கு வரும். நுணலும் தன் வாயால் கெடும். சிலர் பயந்துபோய் வாட்ஸ்அப் குழுவையே அழிப்பார்கள். ஏழு பேர் கைபேசியிலும் அது இருக்கிறது, அழித்தவர் மட்டும் குற்றவாளி மாதிரி நிற்பார்.

அதனால் குழுவில் இனி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள். டெபாசிட்டில் பங்கு தரச் சொல்லி நண்பர்களையும் கேட்காதீர்கள். படகு ஒப்பந்தத்தில் கையெழுத்து உங்களுடையது, ஒப்படைப்புப் படிவத்திலும் நீங்களேதான். ஸ்கிப்பருக்குப் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள்.

ஐவரோடும் சமரசம் செய்யுங்கள். ஏழு நாளில் இரண்டு நாள் போனது. நாள் கணக்கில் ஆளுக்குச் சுமார் 329 யூரோ. கரையிலும் படுக்கையும் சாப்பாடும் கிடைத்தன, ஆகவே முழுத் தொகை வராது. 250-இல் தொடங்குங்கள், 300-க்கு மேல் போகவேண்டாம். சட்டப் பொறுப்பை ஏற்காமல், எல்லாக் கோரிக்கைகளும் இத்துடன் தீர்ந்தன என்று எழுதி, கையெழுத்தான பிறகு பணம். வக்கீல் கடிதம் அனுப்பாத இருவருக்கும் அதே தொகையை அதே நிபந்தனையில் கொடுங்கள். பயணம் முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டுவரை அவர்களும் வரலாம்.

சார்டினியா முன்பணத்தை இந்த வாரமே திருப்பி அனுப்புங்கள். ஏற்பாட்டாளர் திவாலானாலும் பயணிகளின் பணம் திரும்பக் கிடைக்கும் என்று உறுதி தரும் திவால் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் ஏற்பாட்டாளர் முன்பணம் வாங்குவது அபராதத்துக்குரிய குற்றம். அதற்கு யாரும் புகார் கொடுக்க எஞ்சின் பழுதாக வேண்டியதில்லை.