இணையத்தை நிர்வகிப்பது யார்?

இணைய நிர்வாகம் என்பது, உலகெங்கும் உள்ள கணினிகளும் கைப்பேசிகளும் ஒன்றையொன்று தவறாமல் கண்டுகொள்வதற்கான பெயர்கள், எண்கள், விதிகள் ஆகியவற்றைப் பல அமைப்புகள் பகிர்ந்து கவனிக்கும் ஏற்பாடு. ஒரே முகவரி இருவருக்குப் போய்விட்டால் தகவல் யாரிடம் சேரும் என்று சொல்ல முடியாது என்பதாலேயே இது தேவைப்படுகிறது.

பாம்பன் படகுகளைப் பாருங்கள். மீன்வளத்துறை ஒவ்வொரு படகுக்கும் தனிப் பதிவெண் தருகிறது. அந்தப் படகு கொண்டுவரும் மீனின் விலையைப் பதிவேடு தீர்மானிப்பதில்லை. 1998இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட, லாப நோக்கற்ற ஐகேன் அமைப்பு, இணையப் பெயர்களுக்கும் முகவரி எண்களுக்குமான இத்தகைய பதிவேட்டு வேலையையே உலக அளவில் ஒருங்கிணைக்கிறது. இந்த வேலைக்காக அமெரிக்க அரசுடன் அது செய்திருந்த ஒப்பந்தம் 2016இல் முடிவுக்கு வந்தது. நம் ஆசிய பசிபிக் பகுதிக்கான எண்களை ஏப்னிக் அமைப்பு பகிர்ந்தளிக்கிறது, ‘.இன்’ என்று முடியும் தளப் பெயர்களை இந்திய அமைப்பான நிக்ஸி கவனிக்கிறது. தொழில்நுட்ப விதிகளை எழுதும் ஐஇடிஎஃப் குழுவில் ஆர்வமுள்ள எவரும் சேரலாம்; இந்தத் திறந்த கதவே இணையத்தின் மிகப் பெரிய பலம் என்று நான் கருதுகிறேன்.

மண்டபத்தில் ஒரு மீனவர் கடலுக்குப் போகுமுன் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை எச்சரிக்கையைக் கைப்பேசியில் திறக்கும்போது, அந்தத் தளத்தின் பெயர் நொடிப்பொழுதில் எண்ணாக மாறிச் சரியான கணினியைச் சென்றடைவது இந்த ஏற்பாட்டினால்தான்.

ஊரில் இணையச் சேவை முடக்கப்பட்டால் அதை ஐகேன் செய்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்தியாவில் அந்த ஆணையை அரசு பிறப்பிக்கிறது, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நிறைவேற்றுகின்றன.