மனச்சிதைவு: மனநல மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: மகனுக்கு 22 வயது. குரல்கள் கேட்பது நின்று மூன்று மாதமாகிறது. மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நின்றது மாத்திரையால்தான். முதல் முறை வந்தவர்களே ஓரிரு வருடமாவது தொடர வேண்டும். அப்புறமும் மருத்துவர் சொன்னால்தான், அதுவும் மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு மருந்து மாற்றியும் பலனில்லை. குளோசபின் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பதில்: இரண்டையும் சரியான அளவில், ஆறு வாரமாவது விடாமல் சாப்பிட்டும் அடங்கவில்லை என்றால் அடுத்தது அதுதான். தள்ளிப்போட்டே பலருக்கு வருடங்கள் வீணாகின்றன. 1975-இல் பின்லாந்தில் வெள்ளையணுக்கள் சரிந்து சிலர் இறந்ததால் இம்மருந்து ஓரங்கட்டப்பட்டது. மற்ற மருந்துக்கு அடங்காதவர்களுக்கும் பலிக்கிறது என்று 1988-இல் ஓர் ஆய்வு காட்டியபின் திரும்பி வந்தது. தொடக்கத்தில் வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை அதற்காகத்தான். ஆனால் ரத்தத்தையே பார்த்துக்கொண்டு மலச்சிக்கலைக் கோட்டை விடுகிறார்கள். குடல் இயக்கம் நின்று உயிரே போகலாம். புகைப்பவர் திடீரென விட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும், முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தங்கைக்கு எழுதிய அளவு சரியா?

பதில்: நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன். எழுதியவரையே கேளுங்கள்.

கேள்வி: அண்ணன் மாத்திரையைத் துப்புகிறான். சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறோம்.

பதில்: வேண்டாம். ஒருநாள் தெரிந்துபோனால், 'விஷம் வைக்கிறார்கள்' என்ற சந்தேகத்துக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

இன்னொருவர்: கூடவே இருந்து பார்த்தால் தெரியும் டாக்டர். கலக்காவிட்டால் என் அம்மா இன்று இல்லை.

பதில்: உங்கள் பாடு புரிகிறது. உயிருக்கு ஆபத்தென்றால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மற்றபடி, ஏன் துப்புகிறார் என்று யாராவது கேட்டீர்களா? எடை கூடுகிறதா, கால்கள் ஓரிடத்தில் நிற்காமல் தவிக்கின்றனவா? மருந்தை மாற்றலாம். மாதம் ஒருமுறை போடும் ஊசியும் இருக்கிறது.

அவரே: ஊசிக்கு வந்தால்தானே!

பதில்: 'குரலெல்லாம் பொய்' என்று வாதாடாதீர்கள். 'தூக்கமில்லாமல் தவிக்கிறீர்களே, அதற்காவது போவோம்' என்று கூப்பிடுங்கள். எல்லோரும் வர மாட்டார்கள்தான். ஆனாலும் கலப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: மனைவி இப்போது நன்றாக இருக்கிறார். மாத்திரையை...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இருக்கிறது. எனக்கும் வருமா?

பதில்: வாய்ப்பு சுமார் 10%. கஞ்சா பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: பாதி மாத்திரையாகக் குறைத்தால்?

பதில்: மறுபடியுமா! முதல் பதில்.

கேள்வி: இனி வேலைக்குப் போக முடியுமா?

பதில்: மூன்றில் ஒருவராவது முழுமையாகக் குணமடைகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களிலும் பலர் வேலை பார்க்கிறார்கள். முழுக்கத் தேறட்டும் என்று காத்திருக்காமல் சில மணி நேர வேலையில் ஆரம்பிக்கலாம். இரவு ஷிப்ட் வேண்டாம், தூக்கம் கெடும்.