லிவர்பூல் எனக்கு யார்?

அன்புள்ள மேடம்,

எனக்கு 35 வயது. தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். மனைவி, ஐந்தாவது படிக்கும் மகள். குடிப்பழக்கம் கிடையாது. வீட்டில் சண்டை என்று வந்தால் ஒரே விஷயத்துக்குத்தான் வரும்: லிவர்பூல் ஃபுட்பால் கிளப்.

2025 ஜூலை 3-ம் தேதி மதியம் ஆபீஸில் ஒரு பில் ஆஃப் லேடிங்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது. எங்கள் ஃபார்வர்டு டியோகோ ஜோட்டா ஸ்பெயினில் கார் விபத்தில் இறந்துவிட்டார். 28 வயது. சின்னச் சின்னதாக மூன்று பிள்ளைகள், முறைப்படி கல்யாணம் முடிந்து 11 நாள்தான் ஆகியிருந்தது. நுரையீரலில் ஆபரேஷன் ஆனதால் விமானம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இங்கிலாந்துக்குக் கப்பல் பிடிக்கக் காரில் கிளம்பியிருக்கிறார். கூடவே தம்பி. அந்தத் தம்பிக்கு 25 வயது, அவரும் பந்து ஆடுகிறவர்தான், போர்ச்சுகலில் இரண்டாம் டிவிஷன் கிளப்பில். அண்ணன் அளவுக்குப் பேர் இல்லை. அண்ணனோடு கிளம்பியவர் அண்ணனோடே போய்விட்டார்.

நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன். கண் சிவந்திருப்பதைப் பார்த்து மானேஜர் வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "லிவர்பூல்காரன் உனக்கு மாமனா மச்சானா?" என்று இன்றைக்கும் கேலி நடக்கிறது. கிளப் ஜெயித்த மறுநாள் நான் "நேத்து நாங்க ஜெயிச்சுட்டோம்" என்று சொல்வேன். அந்த "நாங்க"வைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ரவுண்டு.

ஆகஸ்ட் 15 ராத்திரி சீசனின் முதல் ஆட்டம். நம் நேரம் பன்னிரண்டரைக்குத் தொடங்கியது. ஜோட்டாவின் நம்பர் 20 என்பதால் இருபதாவது நிமிடத்தில் எங்கள் சொந்த மைதானம் ஆன்ஃபீல்டு முழுக்க எழுந்து அவருக்கான பாட்டைப் பாடியது. நான் மறுபடி உடைந்துவிட்டேன். சத்தம் கேட்டு மனைவி எழுந்து வந்தாள். "உங்க அப்பா இறந்தப்பகூட நீங்க இப்படி அழல" என்றாள். உண்மைதான்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் அண்ணனால் வந்தது. என்னைவிட நாலு வயது பெரியவன். மார்க்கெட் பக்கம் தள்ளுவண்டியில் மான்செஸ்டர் யுனைடெட் ஜெர்சி வாங்கப் போனான். அவன் சைஸ் இல்லை. இன்னொரு சிவப்பு ஜெர்சி இருந்தது, 120 ரூபாய். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது லிவர்பூல் என்று கண்டுபிடித்தான், அன்றிலிருந்து லிவர்பூல்காரன் ஆகிவிட்டான். முன்னால் கார்ல்ஸ்பெர்க் என்று போட்டிருக்கும். அப்பா ஹார்பரில் வேலை பார்த்தவர், அவருக்கு அது என்னவென்று தெரியும். "ஏல, நெஞ்சுல பீர் கம்பெனி பேரப் போட்டுக்கிட்டா கோயிலுக்கு வார?" என்று விரட்டுவார். முதுகில் எங்கள் ஆட்டக்காரர் ஓவென் பெயர், நம்பர் 10. 2004-ல் ஓவென் ரியல் மாட்ரிட்டுக்குப் போனதும் அண்ணனுக்கு வந்த கோபத்தில் அப்பாவின் ஷேவிங் பிளேடை எடுத்து அந்தப் பெயரைச் சுரண்டிவிட்டான். பசை போகவில்லை. பெயர் இன்னும் படிக்கிற மாதிரியே இருக்கிறது. அந்த ஜெர்சி அப்புறம் எனக்கு வந்தது.

2005 மே மாதம் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஐரோப்பிய கிளப்புகளின் பெரிய கோப்பை. எனக்குப் பத்தாவது பரீட்சை முடிந்த லீவு, அண்ணன் காலேஜிலிருந்து வந்திருந்தான். டிவியில் சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். பாதி ஆட்டத்தில் ஏ.சி. மிலன் 3, நாங்கள் 0. "படுப்போம்டே" என்று அண்ணன் பாயை விரித்தான். நான்தான் இன்னும் பத்து நிமிடம் என்றேன். அப்புறம் ஆறே நிமிடத்தில் ஜெரார்டு, ஸ்மிசர், அலோன்சோ, மூன்று கோல். கத்த முடியாது, அப்பாவுக்குக் காலை ஷிஃப்ட். அண்ணன் தலையணையைக் கடித்தான், பஞ்சு வெளியே வந்துவிட்டது. பெனால்டியில் ஜெயித்தபோது மணி மூன்று.

2014-ல் ஜெரார்டு வழுக்கி விழுந்து செல்சியிடம் தோற்றோம். அண்ணன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போயிருந்தான். போன் பண்ணினான். இரண்டு பேரும் பேசவில்லை, லைனையும் கட் பண்ணவில்லை. அரை மணி நேரம் அப்படியே இருந்தோம்.

கடைசியாகச் சேர்ந்து பார்த்தது 2019 ஜூன், அதே கோப்பையின் மாட்ரிட் ஃபைனல். அதே வருஷம் அக்டோபரில் வீட்டுப் பங்கு விஷயமாகக் கொஞ்சம் பிரச்சினை. அண்ணன் இப்போதும் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார். பேச்சுவார்த்தை இல்லை. 2020-ல் 30 வருஷம் கழித்து லீக் ஜெயித்தோம். லாக்டவுன் நேரம், ராத்திரி இரண்டரை மணி. போனை எடுத்து அவர் பெயர் வரைக்கும் போனேன். வைத்துவிட்டேன்.

இது மனநோயா? எட்டாயிரம் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற, ஒரு தடவைகூட நேரில் பார்க்காத கிளப்புக்காக இப்படி அழுவது சரியா? விட்டுவிட வேண்டும் என்கிறாள் மனைவி. எப்படி விடுவது என்று சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்,
தூத்துக்குடி

*

தம்பி,

எனக்குப் பந்தாட்டம் தெரியாது. உங்கள் கடிதத்துக்காக என் அக்கா மகனை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவழைத்து, மீன் குழம்பு போட்டு, இரண்டு மணி நேரம் பாடம் கேட்டேன். அவன் ஆர்சனல்காரனாம். "அந்த அண்ணனுக்கு நான் ஆறுதல் சொன்னேன்னு எழுதுங்க சித்தி" என்றான். சொல்லிவிட்டேன்.

மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அப்பா இறந்தால் தெருவில் பந்தல் போடுவார்கள், ஆபீஸில் லீவு கொடுப்பார்கள், பதினாறாம் நாள் வரைக்கும் நீங்கள் துக்கக்காரர் என்று ஊருக்கே தெரியும். ஜோட்டாவுக்காக உங்களுக்கு யார் லீவு கொடுப்பார்கள்? துக்கப்பட உரிமை இல்லை என்று சுற்றியிருப்பவர்கள் நினைக்கிற துக்கத்துக்கு அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989-ல் ஒரு பெயரே வைத்தார், அங்கீகாரம் இல்லாத துக்கம் என்று. இந்தத் துக்கத்தில் வலி குறைவதில்லை. அழ இடம்தான் கிடைப்பதில்லை. லிவர்பூல் ஊர்க்காரர்களுக்கு ஆன்ஃபீல்டு வாசலில் பூ வைக்க இடம் இருந்தது. உங்களுக்குக் கிடைத்தது ஆபீஸ் பாத்ரூம்.

தூரத்து கிளப் என்பதும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு விசித்திரம் இல்லை. ஸ்வீடன், நார்வேயில் குளிர்காலத்தில் மைதானம் உறைந்துவிடும், உள்ளூர் ஆட்டம் கிடையாது. 1969-ல் அங்கே டிவியில் சனிக்கிழமை தோறும் இங்கிலாந்து ஆட்டத்தைக் காட்டத் தொடங்கினார்கள். வெளியே பனி, உள்ளே அப்பாவோடு சோபாவில் உட்கார்ந்து ஒரு பையன் பார்க்கிறான். திரையில் அன்றைக்கு எந்த டீம் வந்ததோ அது அவனுடைய டீம். அந்தப் பையன்கள் இன்றைக்குத் தாத்தா ஆகிவிட்டார்கள், இன்னும் கூட்டம் கூட்டமாக லிவர்பூலுக்கு விமானம் ஏறுகிறார்கள். நம் ஊரில் மட்டும் என்ன? கல்கத்தாவில் ஒரு தெரு பிரேசில், அடுத்த தெரு அர்ஜென்டினா. 1977-ல் பெலே அங்கே வந்து உள்ளூர் கிளப் மோகன் பகானை எதிர்த்து ஆடிவிட்டுப் போனார், 1986-ல் மரடோனா டிவியில் வந்தார். பட்டியல் போட்டு, யோசித்து டீம் எடுத்தவர் யாருமில்லை. உங்கள் வீட்டில் மட்டும் அது ஜெர்சி சைஸில் முடிவாகியிருக்கிறது. அந்தத் தள்ளுவண்டிக்காரர் ஒரு எக்ஸ்.எல். கூட வைத்திருந்தால் நீங்கள் இன்று வேறு கிளப்புக்காக அழுதிருப்பீர்கள்.

"நாங்க" விஷயம். ராபர்ட் சியால்டினி என்கிற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள், தங்கள் டீம் ஜெயித்ததற்கு அடுத்த திங்கட்கிழமையில்தான் பல்கலைக்கழகப் பெயர் போட்ட சட்டையை அதிகம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஜெயித்தால் "நாங்க", தோற்றால் "அவங்க" என்று பேச்சும் மாறும். அடுத்தவர் வெற்றியில் குளிர்காய்வது. உங்கள் ஆபீஸ்காரர்கள் உங்களை இந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் நீங்கள் கடிதத்தில் "செல்சியிடம் தோற்றோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். "தோற்றார்கள்" என்று எழுதவில்லை. அதனால் கேலியை அவர்களிடமே விட்டுவிடுங்கள். மானேஜருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது நான் சொல்லப்போவது ஊகம். உங்களை நேரில் பார்க்காமல், எழுத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், தப்பாகவும் இருக்கலாம். கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். அண்ணன் ஜெர்சி வாங்கினான், பிளேடால் சுரண்டினான், தலையணையைக் கடித்தான், போன் பண்ணினான். 2019 வரைக்கும் எல்லாம் "ன்". வீட்டுப் பங்கு என்ற சொல் வந்த அடுத்த வரியிலேயே அண்ணன் "இருக்கிறார்" ஆகிவிட்டார். கூடப் பிறந்தவனுக்கு மரியாதை கூடினால் அங்கே ஏதோ குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இது எனக்கும் என் குடும்பத்திலேயே தெரியும், அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

இன்னொன்று. விபத்தைப் பற்றி எழுதும்போது ஜோட்டாவோடு நிறுத்தாமல் தம்பிக்கு வந்துவிட்டீர்கள். வயது, எந்த டிவிஷன், அண்ணன் அளவுக்குப் பேர் இல்லை என்பது வரைக்கும். "அண்ணனோடு கிளம்பியவர் அண்ணனோடே போய்விட்டார்." இந்த வரியை எழுதும்போது உங்கள் கை நடுங்கியதா? படிக்கும்போது எனக்கு நடுங்கியது. ஜோட்டாவுக்காக நீங்கள் அழுதது பொய் என்று சொல்லவில்லை. அது அவருக்கான அழுகைதான். ஆனால் பாத்ரூமுக்குள் ஆறு வருஷமாக இன்னொருவரும் காத்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். கிலோமீட்டர் கணக்கு எழுதியிருக்கிறீர்கள். கிளப் அத்தனை தூரத்தில் இருக்கலாம். அதை உங்கள் கையில் கொடுத்தவன் பக்கத்துப் பாயில் படுத்திருந்தான்.

அக்கா மகன் ஒரு கதை சொன்னான், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆன்ஃபீல்டில் முதலில் ஆடிக்கொண்டிருந்தது எவர்டன். ஜான் ஹோல்டிங் என்பவரோடு மைதான வாடகையில் தகராறு வந்து எவர்டன் வெளியேறிவிட்டது. காலி மைதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர் 1892-ல் தொடங்கியதுதான் லிவர்பூல். உங்கள் கிளப்பே இடத் தகராறில் பிறந்த பிள்ளை, தம்பி! அந்த ஊரில் ஒரே வீட்டில் அண்ணன் சிவப்பு லிவர்பூல், தம்பி நீல எவர்டன் என்று இருப்பார்களாம். இரண்டு டீமும் மோதும் டெர்பி அன்றைக்குத் திட்டிக்கொள்வார்கள், சாப்பாடு ஒரே மேஜையில். ஜோட்டா கடைசியாக அடித்த கோலும் ஏப்ரலில் எவர்டனுக்கு எதிராகத்தான் என்று சொன்னான்.

இனி செய்ய வேண்டியது. ஆட்டம் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். நடுராத்திரி ஆட்டம் வாரம் எத்தனை என்று மனைவியோடு உட்கார்ந்து ஒரு கணக்குக்கு வாருங்கள், காலையில் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். மனைவி கேட்டது கோபத்தில் இல்லை என்று எனக்குப் படுகிறது. நடுராத்திரியில் கணவர் இருட்டில் டிவி முன்னால் அழுதுகொண்டிருந்தால் யாருக்கும் பயம் வரும். அவருக்கு லிவர்பூல் தெரியும். தலையணைக் கதை தெரியுமா? அவரிடம் சொல்லிப் பாருங்கள். அப்பாவுக்காக அழாததைப் பற்றிக் குற்ற உணர்ச்சி வேண்டாம். சாவு வீட்டில் பிள்ளைகளுக்கு வேலைதான் இருக்கும், அழ நேரம் இருக்காது.

தூக்கம் தொடர்ந்து கெட்டுப்போனாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் ஓடினாலோ நேரில் யாரையாவது பாருங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

வீட்டுப் பங்கு வக்கீலிடமோ பெரியவர்களிடமோ போகட்டும். அதையும் அண்ணனையும் ஒரே பேச்சில் கொண்டுவராதீர்கள். மன்னிப்புக் கடிதமும் வேண்டாம். யார் பக்கம் நியாயம் என்று எனக்குத் தெரியாது, நீங்களும் எழுதவில்லை. அந்த ஜெர்சி இன்னும் உங்கள் பீரோவில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எடுத்து, கட்டில்மேல் விரித்து, முதுகுப் பக்கம் ஒரு போட்டோ எடுங்கள், சுரண்டின இடம் நன்றாகத் தெரிகிற மாதிரி. அடுத்த ஆட்டத்தன்று இருபதாவது நிமிடத்தில் அதை அவர் நம்பருக்கு அனுப்புங்கள். நீல டிக் விழுந்தும் பதில் வராமல் போகலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு அனுப்புங்கள். இரண்டாவது மெசேஜ் வேண்டாம். போட்டோவுக்குக் கீழே எதுவும் எழுதவும் வேண்டாம்.